வீட்டு மர்மலேடுக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

மர்மலேட் என்பது ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்களைத் தோலோடு சர்க்கரையில் காய்ச்சிச் செய்யும் ஜாம். இங்கிலாந்தின் டேல்மெய்ன் மாளிகை மர்மலேட் போட்டி விழாவின் ஜப்பானியப் பதிப்பு, ஷிகோகு தீவில் உள்ள எஹிமே மாகாணத்தின் யவத்தஹாமா நகரில் 2019ஆம் ஆண்டு தொடங்கியது. இத்தகைய போட்டியில் வீட்டுத் தயாரிப்புகளை மதிப்பிட அமர்பவர், செவில் ஆரஞ்சின் கடுங்கசப்புதான் மர்மலேடின் இலக்கணம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். இயோகன், அமநாட்சு, யுசு, மிக்கான் ஆகிய ஜப்பானின் ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு என்பதால், புட்டியில் எழுதியுள்ள பழத்தின் பெயரைப் படித்துவிட்டே கரண்டியை எடுக்க வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோல் துண்டுகள் எல்லாம் மேலே மிதந்தால், பாகு சற்று ஆறுவதற்குள் ஊற்றிவிட்டார்கள் என்று பொருள். நிறம் கறுத்திருந்தால் பெரும்பாலும் அதிகம் காய்ச்சியதுதான் காரணம். ஆனால் ஒகினாவாவின் கறுப்புச் சர்க்கரையைச் சேர்த்திருந்தால் அது குறையாகாது.

பாகின் பதம் ஏறத்தாழ 104 முதல் 105 டிகிரி செல்சியஸில் அமையும். கரண்டியில் எடுத்தது நீராய் ஓடவும் கூடாது, ரப்பர்போல் இழுபடவும் கூடாது.

என் கணிப்பில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தோல்தான். ஒரு துண்டிலிருந்து பாகை நாவால் வழித்துவிட்டு, அதை மட்டும் முன்பற்களால் கடித்துப் பாருங்கள். தோல் மென்மையாக வேகும் முன்பே சர்க்கரையைச் சேர்த்திருந்தால், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் அது இளகுவதில்லை. பல்லுக்கு அடியில் தோல்வார்போல் நிற்கும். அமநாட்சுவின் கசப்புக்கு நாரிஞ்சின் என்ற இயற்கைக் கசப்புப் பொருள் முக்கியக் காரணம். அதைக் குறைக்கத் தோலை வேகவைத்து நீரை வடிப்பது ஜப்பானிய வீடுகளில் வழக்கம் என்றாலும், அளவுக்கு மீறி வடித்தால் கசப்போடு பழத்தின் சுவையும் போய், வெறும் சர்க்கரைப் பாகே மிஞ்சும். யுசுவில் மணமே பிரதானம். நெடுநேரம் கொதித்தால் தோலின் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால், மணமற்ற யுசு மர்மலேட் எவ்வளவு அழகாக உறைந்திருந்தாலும் அதற்கு முதல் வரிசையில் இடம் தரமாட்டேன். கசப்பு இறுதியில் தோன்றி வாயைத் தெளிவாக்கிச் சென்றால் மதிப்பெண் கூட்டலாம்; தொண்டையிலேயே தங்கினால் குறைக்க வேண்டும்.

மென்சுவை உள்ளவற்றை முதலிலும் கசப்பானவற்றைப் பின்னரும் சுவைத்து, இடையிடையே வெந்நீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புச் சீட்டில் "தோல் கடினம்" என்று மட்டும் எழுதாமல், "சர்க்கரை சேர்க்கும் முன், விரலால் நசுக்கினால் மசியும்வரை தோலை வேகவிடவும்" என்று எழுதினால், தயாரித்தவருக்கு அடுத்த பருவத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்.