ஒலி வயருக்குப் பணம் கொடுக்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

ஸ்பீக்கர் வயர் வாங்கப் புறப்படுகிறவர் வீட்டிலேயே இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கர் வரை வயர் ஓடவேண்டிய தூரம் எத்தனை மீற்றர், ஸ்பீக்கரின் பின்புறத்தில் எழுதியிருப்பது எத்தனை ஓம் (மின்தடையின் அளவு). இவ்விரண்டும் கையில் இருந்தால் தேவையான தடிப்பைக் கணக்கிட்டுவிடலாம். இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். பல முழுப்பேர்ச் சம்பளத்தை, அதாவது முழு நாள் வேலைக்கான கூலியை, சேர்த்து ஒரு செட் வாங்குகிற மலையகத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், அதன் பாதி விலையை வயருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்புவதைக் கண்ட மனவருத்தத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

கணக்கு எளியது. மின்னோட்டம் போயும் வரவும் வேண்டுமாகையால் தூரத்தை இரண்டால் பெருக்கி, அதனைச் செப்பின் தடையைக் குறிக்கும் எண்ணான 0.0175 ஆல் பெருக்கி, வயரின் குறுக்குப் பரப்பான சதுர மில்லிமீற்றரால் வகுத்தால், செப்பு வயரின் தடை ஓமில் கிடைக்கும். பத்து மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரின் தடை 0.14 ஓம், 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயராயின் 0.7 ஓம். ஸ்பீக்கரின் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வயரின் தடை போகாமல் பார்த்துக்கொள்வது நல்ல எல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவில் மூன்று மீற்றருக்கு மேல் வயர் ஓடுவது அரிது என்பதால் 1 சதுர மில்லிமீற்றர் வயரே அங்கு தாராளம். நீண்ட தூரமாயின், வீட்டு வயரிங்குக்காக ஹாட்வெயார் கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயரில் இரண்டை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தலாம்; 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் சேர்ந்து அது ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர் ஆகிறது.

விலையுயர்ந்த வயரின் பெட்டியில் எழுதப்பட்டிருப்பவற்றையும் இதே கணக்கால் நிறுத்துப் பார்க்கலாம். வெள்ளி, செப்பைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு மட்டுமே கூடுதலாக மின்சாரத்தைக் கடத்துகிறது. அந்த வித்தியாசத்தைச் செப்பு வயரைச் சற்றுத் தடிப்பாக எடுத்தே ஈடுசெய்துவிடலாம். உயர்ந்த சுருதிகள் கம்பியின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும் என்கிற பேச்சில் இயற்பியல் உண்மை இருக்கிறது, ஆனால் மனிதக் காதுக்கு எட்டும் எல்லையான 20,000 ஹேர்ட்ஸிலும் செப்பில் மின்னோட்டம் இறங்கும் ஆழம் அரை மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு என்பதால், மெல்லிய இழைகளாலான வயரில் அதனால் கேட்கக்கூடிய மாற்றம் ஏற்படாது. அற்புதம் என்று சொல்லப்படுபவற்றைச் சோதித்துப் பார்த்துவந்த மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி 2007 ஆம் ஆண்டில், 7,250 டொலர் விலையுள்ள ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் பிரித்தறிந்து காட்டுபவருக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணத்தை எவரும் பெற்றுக்கொள்ளவில்லை.

மலிவான வயரிலும் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய வயரைச் செப்பு வயர் என்றே விற்கிறார்கள். அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பலமுறை மடித்தால் செப்பைவிட எளிதில் முறிந்தும் போகும். கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் ஹட்டன் கடையில் வாங்கினாலும், ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செப்பு. அதைத் தள்ளிவிட வேண்டாம்.

மலையகத்தில் வயரைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து மூடுபனி சன்னல் வழியே வந்து பிளக்குகளிலும் முறுக்கிய இணைப்புகளிலும் படிகிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒருமுறை ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரத்தபோது, வயர் தரமில்லை என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதிக விலைக்குப் புதிய வயர் வாங்கி மாற்றினோம், கரகரப்பு போகவில்லை. பிறகு பார்த்தால், அம்ப்ளிபயருக்குப் பின்னால் இருந்த பிளக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அன்றிலிருந்து மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பிளக்குகளைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பின் மாட்டுகிறோம். வயரின் நுனி கறுத்திருந்தால் அந்த ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் இருக்கும் இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மேலதிகமாகச் செலவழிக்க நூறு ரூபா இருந்தால் அதை உறுதியான பிளக்குக்கே கொடுக்கலாம்.

கோயிலிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கர் வைப்பதாயின் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 0.7 ஓமைத் தொட்டுவிடும். அங்கே அம்ப்ளிபயரை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோய், நீண்ட தூரத்துக்கு மூன்று ஊசிப் பிளக் உள்ள மைக் வயரை ஓடவிடுவதே முறை. அந்த வயரில் ஒலியைச் சுமக்கும் இரு கம்பிகளிலும் ஒரேமாதிரி ஏறும் இரைச்சல், மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. தொலைக்காட்சிக்கான எச்டிஎம்ஐ வயரோ இலக்கங்களைக் கடத்துவது; பழுதானால் சத்தம் விட்டுவிட்டு வரும் அல்லது நின்றுபோகும், இனிமை குறைவதில்லை.

தொடர்ந்து 50 ஹேர்ட்ஸ் உறுமல் கேட்டால் வயரை மாற்றுவதற்கு முன் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். உறுமலை நிறுத்த எர்த் ஊசியை ஒருபோதும் கழற்றக் கூடாது, உயிர் போகும்.

இவ்வளவுக்குப் பின்னும் விலையுயர்ந்த வயரில் வித்தியாசம் கேட்கிறது என்று மனம் சொன்னால், மனத்தைக் குறை சொல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பற்றுச்சீட்டுடன் திருப்பித் தரலாமா என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த பதிவொன்றைப் போட்டு, சத்தத்தின் அளவைத் தொடாமல், நீங்கள் பாராதபடி தம்பியோ தங்கையோ நாணயத்தைச் சுண்டி எந்த வயர் என்று தீர்மானித்து மாட்டட்டும்; ஒரே வயர் மறுபடி வந்தாலும் கழற்றி மாட்ட வேண்டும். இப்படிப் பத்து முறை கேட்டு உங்கள் விடையை எழுதுங்கள். வெறும் ஊகத்தில் சராசரியாக ஐந்து சரியாகும். ஒன்பதோ பத்தோ சரியாவதற்கு நூற்றில் ஏறக்குறைய ஒரு வாய்ப்புத்தான். ஒன்பதை எட்டினால் வயரை வைத்துக்கொள்ளுங்கள்; எட்டாவிட்டால் மறுநாள் காலை பஸ்ஸிலேயே பற்றுச்சீட்டுடன் கடைக்குக் கொண்டுபோங்கள்.