ஓவன் ரிசோட்டோ: குழைவதும் வேகாமல் நிற்பதும் ஏன்?

அடுப்படியில் நின்று கிளறவே வேண்டாம், மூடி ஓவனில் வைத்தால் போதும் என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் கொழகொழவென்ற இத்தாலியச் சோறான காய்கறி ரிசோட்டோவில் இறங்குகிறார்கள். கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் இதற்கான குட்டையான இத்தாலிய அரிசி, ஆர்போரியோ, கிடைக்கிறது. ஆனால் விலை நம் பொன்னியைப் போல இல்லை. ஒரு பானை வீணானால் வயிறு எரியும். உப்பு கூடியது, வெங்காயம் கருகியது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானே திருந்தும். அவற்றை விட்டுவிடுவோம்.

நான்கு பேருக்கு 300 கிராம் அரிசி, 1 லிட்டர் காய்கறி ஸ்டாக் (காய்கறி வேகவைத்து வடித்த சாறு). அதில் 850 மில்லி பானைக்கு, மீதி கடைசிக்கு.

ஆறின ஸ்டாக்கோடு ஓவனில் ஏற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். வெங்காயம் வதங்கியாயிற்று, அரிசியும் வறுபட்டாயிற்று. அப்புறம் குழாய்த் தண்ணீரில் ஸ்டாக் கட்டியைக் கரைத்து ஊற்றி, அப்படியே மூடி, 180 டிகிரி ஓவனுக்குள் தள்ளி, 20 நிமிடம் வைக்கிறார்கள்.

ஓவனில் 180 என்பது காற்றின் சூடு. காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கனமான பானையில் இருக்கும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் அதில் கொதிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். செய்முறையில் இருக்கும் 20 நிமிடமோ கொதி வந்த பிறகு எண்ண வேண்டியது. அதுவரை அரிசி வெதுவெதுப்பில் ஊறிக் கிடக்கும். மேல்புறம் ஊறி உப்பும், நடு அப்படியே இருக்கும்.

மணி அடித்ததும் திறந்தால் மேலே தண்ணீர் நிற்கும், அரிசி அடியில் படிந்திருக்கும். இன்னும் 15 நிமிடம் வைப்பார்கள். பொறுமை போய் இரண்டு தடவை திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சூடு வெளியே போகும். கடைசியில் கிடைப்பது வெளியே கஞ்சி, உள்ளே கல். ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளினால் நடுவில் சுண்ணாம்புப் பொடி போலப் பெரிய வெள்ளைப் புள்ளி தெரியும். உடனே குடும்ப வாட்சப்பில் கேள்வி வரும்: "அக்கா, அரிசி பழசா?" அரிசிமேல் ஒரு குற்றமும் இல்லை.

ஸ்டாக்கைத் தனிச் சட்டியில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரிசியை எண்ணெயில் இரண்டு நிமிடம் வறுத்து, அதன்மேல் கொதிக்கும் ஸ்டாக்கை ஊற்றுங்கள். அடுப்பிலேயே மறுபடி கொதி வந்ததும் ஒரு கிளறு, மூடி, ஏற்கெனவே சூடான ஓவனுக்குள். 18வது நிமிடத்தில் ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி குண்டூசித் தலையளவு இருந்தால் எடுத்துவிடலாம்.

அரிசியைக் களைவது

களையாதீர்கள். கொழகொழப்பைத் தருவதே அந்த மேல்மாவுதான்.

வீட்டிலிருக்கும் அரிசியைப் போடுவது

பாஸ்மதியும் புழுங்கல் பொன்னியும் உதிரியாக நிற்கும். புலூட் (ஒட்டும்) அரிசி பசையாகிவிடும். ஆர்போரியோ இல்லையென்றால் சுஷி அரிசி ஓரளவு சமாளிக்கும்.

எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டுவது

காளான், தக்காளி, சுக்கினி எல்லாம் தண்ணீர் விடும். அளந்து ஊற்றியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். 400 கிராம் பூசணியையும் 200 கிராம் சிப்பிக் காளானையும் எண்ணெய் தடவி, தட்டில் பரப்பி, 200 டிகிரியில் 25 நிமிடம் முதலில் சுட்டெடுங்கள். மேசை ஓவனில் தட்டும் பானையும் ஒன்றாக நுழையாது, அதனால் வரிசை இதுதான்: முதலில் காய், பிறகு சூட்டை 180க்குக் குறைத்து அரிசி. சுட்ட காய் கடைசியில் சேரட்டும். பச்சைப் பட்டாணி போடுவதானால் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது.

மூடி

இறுக்கமாக இருக்க வேண்டும். அலுமினியத் தாள் போட்டால் இரண்டு மடிப்பு; மேல் கம்பியில் படக்கூடாது.

ஹலால் முத்திரையைப் பார்த்துச் சீஸ் வாங்குவது

சைவ வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஜாக்கிம் (மலேசியாவில் ஹலால் சான்று தரும் அரசுத் துறை) முத்திரை இருப்பதால் அது சைவமாகிவிடாது. ரிசோட்டோவில் போடும் இத்தாலியக் கெட்டிச் சீஸான அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருளில் உறைய வைத்தது. உறையில் நுண்ணுயிர் ரென்னட் என்று போட்டிருக்கும் கெட்டிச் சீஸாகப் பார்த்து 50 கிராம் எடுங்கள். ரிசோட்டோவில் வழக்கமாகப் போடும் வைனைச் சேர்க்காதவர்கள் அது தரும் புளிப்பையும் சேர்த்தே மறந்துவிடுகிறார்கள். இறக்கியபின் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும்.

வெளியே எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஓவனுக்குள் கிளறவில்லை அல்லவா, அந்தக் கிளறலை இப்போது செய்ய வேண்டும். 30 கிராம் குளிர்ந்த வெண்ணெய், சீஸ், எடுத்து வைத்த ஸ்டாக்கில் பாதியைச் சூடாக ஊற்றி, மரக்கரண்டியால் ஒரு நிமிடம் அழுத்திக் கிளறுங்கள். தட்டில் போட்டுத் தட்டினால் மெல்லப் பரவ வேண்டும். குவிந்தே நின்றால் மீதி ஸ்டாக்கையும் ஊற்றுங்கள்.

சோற்றையும் கறியையும் மேசையில் மூடி வைத்து, வருகிறவர் வரட்டும் என்று இருக்கும் வீடுகளுக்கு இது தோதான சாப்பாடு இல்லை. பத்து நிமிடத்தில் இறுகிவிடும். ஆட்கள் உட்கார்ந்த பிறகு வெண்ணெயைப் போடுங்கள். மிஞ்சினால் நம் ஊர் வெக்கையில் வெளியே விடாமல் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் உருண்டை பிடித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துவிடலாம்.