தண்ணி வடிஞ்சதும் கொசுவுக்கு முன்னாடி நாம முந்திக்கணும்

வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணில மாட்டினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், வெள்ளம் ஓடுறப்போ கொசு பெருசா தெரியாது, கொசுப்புழுவெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். வடிஞ்சு ஒரு வாரம், பத்து நாள்லதான் ஆரம்பிக்கும். ஏன்னா முட்டை கொசுவாக அவ்வளவு நாள்தான் ஆகுது. அதனால வாரத்துல ஒரு நாளை ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க, ஞாயித்துக்கிழமைனா ஞாயித்துக்கிழமை, தவறவே கூடாது.

டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்ல, நம்ம வீட்டு நல்ல தண்ணிலதான் முட்டை போடும். மொட்டை மாடில கிடக்குற பழைய டயர், பெயிண்ட் டப்பா, தேங்காய் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற டிரே (இதை முக்காவாசிப் பேர் பாக்குறதே இல்ல), யூஸ் பண்ணாத பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க், எல்லாத்தையும் பாருங்க. தண்ணிய கொட்டினா மட்டும் போதாதுங்க, முட்டை பாத்திரத்தோட உள் சுவத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், மறுபடி தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். அதனால நார் போட்டு அழுத்தித் தேய்ங்க. புழு இருக்குற தண்ணிய காஞ்ச மண்ணுல ஊத்துங்க, செத்துடும்.

சம்ப், ஓவர்ஹெட் டேங்க்ல வெள்ளத் தண்ணி போயிருந்தா முழுசா கழுவி, மூடிய டைட்டா மூடி, ஓவர்ஃப்ளோ பைப்ல வலை கட்டுங்க. சென்னை மாதிரி ஊர்ல மலேரியா கொசு முக்கியமா டேங்க்லயும் கிணத்துலயும்தான் வளருது. மாநகராட்சி ஆளுங்க அபேட்ங்கிற புழுக்கொல்லி மருந்து ஊத்த வந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பாதீங்க. கிணத்துல புழுவைத் தின்னுற கப்பி மீன் விடலாம். காலி மனைல தண்ணி நின்னா, சென்னைல மாநகராட்சி நம்பர் 1913க்கு போன் போடுங்க. புகை அடிச்சாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, அது பறக்குற கொசுவைத்தான் கொல்லும், புழு அப்படியேதான் இருக்கும். ரோட்டுல தூவுற ப்ளீச்சிங் பவுடரும் இதுக்கு உதவாது.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும்தான், ப்ரூஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், டெங்குவா இருந்தா ரத்தக்கசிவ அதிகமாக்கிடும். முதல் 5 நாளுக்குள்ள டெங்குவான்னு பாக்குற என்எஸ்1 ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. குளிர் நடுக்கம் இருந்தா மலேரியாவுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க. ரொம்ப முக்கியமா, மூணாவது நாலாவது நாள் காய்ச்சல் இறங்கினதும் சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, ஆபத்தே அப்போதான் ஆரம்பிக்குது. வயித்துவலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், கறுப்பா மலம், புள்ள சோர்ந்து சோர்ந்து படுக்குறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

காய்ச்சல்காரங்கள பகல்லயும் கொசுவலைக்குள்ளயே படுக்க வைங்க, ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, அவங்கள கடிச்ச கொசுதான் சில நாள் கழிச்சு வீட்டுல மத்தவங்களுக்கும் கொண்டு வருது.