ஸ்பானிய மொழியில் ஒரு படிவம் நிரப்பப் பழகுவோம்

ஸ்பானிய மொழிப் புத்தகங்கள் "காலை வணக்கம்" என்றுதான் தொடங்கும். கந்தோர் அலுவலுக்காகப் படிக்கிறவர்கள் படிவத்திலிருந்தே தொடங்கலாம். வெள்ளவத்தை வீட்டு மேசையில் நான் அப்படித்தான் பழகினேன்.

படி 1: ஸ்பெயினில் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அடையாள இலக்கத்தை "நியே" என்பார்கள். அதற்கான விண்ணப்பம் இஎக்ஸ்-15, இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கிறுக்கிப் பழக. பக்கத்தில் உங்கள் கடவுச்சீட்டை விரித்து வையுங்கள்.

படி 2: தெரிந்த சொற்களை முதலில் பிடியுங்கள். பாண், மேசை, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. ஸ்பானியம் அந்த மொழிக்குச் சகோதரி. "நோம்ப்ரே தெல் பாத்ரே" என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் வரும். பாதிரியார் என்ற சொல்லும் இந்தப் பாத்ரேயின் உறவுதான். "மாத்ரே" அம்மா. "மேஸா" மேசை, "மெஸ்" மாதம், இரண்டையும் குழப்பாதீர்கள்.

படி 3: பெயர். எங்களுக்குச் சிக்கலே இதில்தான். "நோம்ப்ரே" சொந்தப் பெயர், "அப்பெயீதோ" குடும்பப் பெயர். ஸ்பானியர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு. ஒன்று அப்பா வழி, மற்றது அம்மா வழி. அதனால் படிவத்திலும் இரண்டு கட்டம். முதல் தடவை நான் வெறுமையாக விடக் கூச்சப்பட்டு, அப்பாவின் நீளமான பெயரை இரண்டாக வெட்டிப் போட்டேன். கடவுச்சீட்டோடு பொருந்தாமல் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டி வந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பதை அப்படியே முதல் கட்டத்தில் எழுதுங்கள், இரண்டாவதை விட்டுவிடுங்கள். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும் தகப்பன் பெயராகவும் இரண்டு தரம் வந்தால் வரட்டும்.

படி 4: "ஃபெச்சா தே நசிமியெந்த்தோ" பிறந்த திகதி. நாள், மாதம், ஆண்டு என்று எங்கள் வரிசையேதான். ஆண்டு "ஆஞோ". தலையில் அலைக்கோடு போட்ட அந்த எழுத்து நம்முடைய ஞ. அதை ன ஆக்கினால் சொல் உடம்பின் பின்பக்கத்துக்குப் போய்விடும், கவனம்!

"எஸ்தாதோ சிவீல்" மண நிலை. ஆணென்றால் "சொல்த்தேரோ" மணமாகாதவர், "கஸாதோ" மணமானவர். பெண்ணென்றால் முடிவு ஆகாரம்: சொல்த்தேரா, கஸாதா. "தொமிசீலியோ" விலாசம், "ஃபீர்மா" கையொப்பம்.

படி 5: கவுண்டரில் காதில் விழும் சொற்கள். "சீத்தா ப்ரேவியா" முன்பதிவு நேரம். பெரும்பாலும் இது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். "தாஸா" கட்டணம். "கோப்பியா" எங்கள் கொப்பியேதான், அதாவது பிரதி, "ஒரிஹினால்" மூலப் பத்திரம். "ஃபால்த்தா" என்று தொடங்கினால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம்: "ஃபால்த்தா லா ஃபீர்மா" என்றால் கையொப்பம் இல்லை. ஒன்றும் விளங்காவிட்டால் "கே ஃபால்த்தா?" என்று கேளுங்கள், என்ன குறைகிறதென்று விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள்.