பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்

ஐரிஷ் இசை பழகத் தொடங்கிய முதல் வருடம் என் நோட்டில் 'கன் அனிம்' என்ற பெயரில் 7 மெட்டுகள் இருந்தன. அயர்லாந்தின் கால்வேயில் ஒரு பப்பில், கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசிக்கும் செஷனில், பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஃபிடிலில், அதாவது வயலினில், ஒன்றை வாசித்து முடித்ததும் பெயரைக் கேட்பேன். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வேன். ஐரிஷ் மொழியில் அதற்குப் 'பெயர் இல்லை' என்று பொருள் என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

கீர்த்தனை என்றால் பல்லவியின் முதல் சொற்களே பெயராகிவிடும். ரீல், ஜிக் என்பவை ஆட்டத்துக்காக வாசிக்கும் மெட்டு வகைகள், அவற்றுக்குப் பாட்டு வரி கிடையாது. பெயர் வெளியிலிருந்து ஒட்டியதுதான். எல்லோரும் வாசிக்கும் 'மோரிசன்ஸ் ஜிக்' கதையைப் பாருங்கள். அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதி ஃபிடில் கலைஞர் ஜேம்ஸ் மோரிசன் அதைக் கெர்ரி பகுதிக்காரரான டாம் கார்மடியிடம் கற்றார். கார்மடி அதை 'தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்' என்றுதான் சொல்வாராம். மோரிசன் இசைத்தட்டில் வாசித்தார், அதோடு மெட்டு அவர் பெயருக்கு மாறிவிட்டது.

ஆகவே நோட்டில் பெயரைத் தலைப்பாக எழுதாதீர்கள். முதல் ஏழெட்டு ஸ்வரங்களை எழுதுங்கள். அடுத்து ரீலா, ஜிக்கா, ஸ்லிப் ஜிக்கா என்று குறியுங்கள். தாளம்தான் வித்தியாசம், காலைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த ஸ்கேல், யார் வாசித்தார், எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதெல்லாம் அதற்குக் கீழே. பெயர் கடைசியில், அதுவும் பென்சிலில். மெட்டின் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி ஒன்றுபோலவே இருக்கும் மெட்டுகள் ஏராளம், இரண்டாவதில்தான் குட்டு வெளிப்படும்.

செஷனில் "இதன் பெயர் என்ன?" என்பதைவிட "இதை யாரிடமிருந்து கற்றீர்கள்?" என்று கேட்பது பயன் தரும். பதிலில் ஒரு கலைஞரின் பெயர் வரும், அவருடைய பதிவைத் தேடிப் பிடிக்கலாம்.

ஆள் பெயரில் வழங்கும் மெட்டுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை 'ஃபாதர் கெல்லிஸ்' என்று அறிவித்துவிட்டு என் விசிலை (சிறு குழல்) ஊதினேன். எதிரே இருந்த அக்கார்டியன்காரர் வேறொரு 'ஃபாதர் கெல்லிஸை' ஆரம்பித்தார். சில நொடிகள் சந்தைக்கடைதான். நான் வாசித்ததற்கு 'ராஸ்மோர் ஜெட்டி' என்றும் பெயருண்டு, அதைச் சொல்லியிருக்கலாம். பேடி ஃபாஹி விஷயம் இதைவிட மோசம். கிழக்கு கால்வேயைச் சேர்ந்த இசைக் கலைஞரான அவர் தாம் அமைத்த மெட்டுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. எல்லாமே 'பேடி ஃபாஹிஸ்'தான். எண் போட்டுப் பிரிக்கிறார்கள். அந்த எண்ணை நம்பி யாரிடமும் பேசாதீர்கள், முதல் வரியை ஊதிக் காட்டுங்கள்.

'டார்போல்டன்' என்று யாராவது சொன்னால் ஒரு ரீலோடு நிறுத்தத் தயாராகாதீர்கள். ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1934இல் அதனோடு 'லாங்ஃபோர்ட் கலெக்டர்', 'செய்லர்ஸ் பானெட்' இரண்டையும் சேர்த்துப் பதிவுசெய்தார். இன்றும் மூன்றும் ஒன்றாகவே வரும்.

புத்தகத்தில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், ஷிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் வெளியிட்ட 1,850 மெட்டுகளின் தொகுப்பிலேயே ஒரே மெட்டு இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் இருக்கிறது. டியூன்பால் என்ற செயலியில் சில நொடிகள் வாசித்தால் பொருந்தும் மெட்டுகளைக் காட்டும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

எதிலும் கிடைக்காவிட்டால் 'கன் அனிம்' என்றே எழுதி, கற்றுக்கொடுத்தவரின் பெயரைப் பக்கத்தில் போடுங்கள். இசைத்தட்டு உறைகளிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். என் 7 மெட்டுகளில் 4க்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. அவற்றில் ஒன்றுக்கு மூன்று பெயர்.