வாய்க்காலில் தூண்டில் போடுவது எப்படி: காவிரிப் படுகைக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையில் தூண்டில் போட விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது தண்ணீரின் போக்கைத்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவதாலும், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும் நீர் கிளை வாய்க்கால்களில் பல சமயம் முறை வைத்தே விடப்படுவதாலும், நேற்று மீன் கொத்திய இடத்தில் இன்று ஒன்றும் கிடைக்காமல் போவது இயல்பு. புதுத் தண்ணீர் கலங்கலும் வேகமுமாக வருகிற முதல் சில நாட்களில் பொறுத்திருந்து, நீர் தெளியத் தொடங்கிய பின் போவதே நல்லது.

இடம் தேர்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உலர்ந்த இலை ஒன்றைக் கிள்ளி நீரில் விட்டு, அது போகும் வழியைக் கண்ணால் தொடருங்கள். நடு ஓட்டத்தில் நேராக ஓடும் இலை, மதகைத் தாண்டிச் சற்றுத் தள்ளியோ, படித்துறையின் ஓரத்திலோ, வளைவின் உட்புறத்திலோ வேகம் குறைந்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி அலுக்காமல், அடித்து வரும் இரையை எதிர்பார்த்து நிற்பது அந்தச் சுற்றின் ஓரத்தில்தான். தக்கை விழ வேண்டியதும் அங்கேதான்.

கருவிகளில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பத்து அடி மூங்கில் கழி, நைலான் நரம்பு, சிறிய தூண்டில் முள், முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு சின்ன ஈயக்குண்டு, மயிலிறகுத் தண்டிலோ நெட்டியிலோ செய்த தக்கை ஆகியவை கெண்டைக்கும் கெளுத்திக்கும் போதும். ஆனால் முடிச்சில் மட்டும் கவனக்குறைவு கூடாது. நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு, அதன் நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டியுள்ள கண்ணிக்குள் நுழைத்து, எச்சிலால் நனைத்த பிறகே மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது நலிந்து, பெரிய மீன் இழுக்கும்போது முடிச்சிலேயே அறுந்துவிடும்.

கெண்டைக்குப் பிசைந்த கோதுமை மாவை மிளகளவு உருட்டி முள்ளில் கோத்துவிடுங்கள். கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழுவைத் தரையைத் தொடும்படி இறக்குங்கள். கெண்டை கொத்தினால் தக்கை துடிக்கும், அப்போது இழுக்கக் கூடாது. அது சாய்ந்து நகரும்போது மணிக்கட்டால் மட்டும் சுண்டினால் போதும். கெளுத்தியைக் கழற்றும்போது முதுகு முள்ளையும் இரு பக்க முட்களையும் பார்த்துப் பிடியுங்கள். கெளுத்தி வகையைச் சேர்ந்த தேளி மீன் குத்தினால் கடுமையாக வலிக்கும். தோல் பொறுக்கும் அளவு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

விராலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வருவதால், ஆகாயத்தாமரை ஓரத்தில் எழும் சிறு சலசலப்பே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கொத்தாகக் கொப்பளிப்பதைக் கண்டால், அடியில் பெற்ற மீன் காவல் நிற்கிறது என்று அறிந்து தூண்டிலை எடுத்துவிடுங்கள். காவலிருக்கும் விரால் அருகில் வரும் எதையும் சீறிக் கடிக்கும் என்பதால் அதைப் பிடிப்பது மிக எளிது. இளம் வயதில் நானும் அப்படி ஒன்றைப் பிடித்தேன். கரையில் நின்றிருந்த கால்மணி நேரத்துக்குள் அந்தக் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் கலைத்துத் தின்றதைப் பார்த்தேன். அதன் பிறகு குஞ்சோடு திரியும் விராலுக்கு நான் இரை போட்டதில்லை.

ஏரி, குளங்களும் ஆற்றின் சில பகுதிகளும் மீன் பாசிக் குத்தகையில், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகையில், இருக்கும். ஊரில் விசாரித்து, குத்தகைதாரரிடம் அனுமதி பெற்றே உட்காருங்கள். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள்; கொக்கு, நாரையின் கால்களில் அது சுற்றிக்கொள்ளும்.

நிழலாக இருக்கிறதே என்று மதகின் வாயிலோ, பாசி படிந்த சிமென்ட் சரிவிலோ உட்காரக் கூடாது. தண்ணீரில் சருகும் நுரையும் திடீரென்று கூடி வந்தால் மேலே ஷட்டரை உயர்த்தியிருக்கக்கூடும். தூண்டிலைச் சுருட்ட நேரம் எடுக்காமல் உடனே கரையேறிவிடுங்கள்.