மெஞ்ஞானபுரம் கோபுரத்தைப் பார்க்கப் போகிறீர்களா?

திருச்செந்தூர்ப் பக்கம் போனால் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். 192 அடி கோபுரம், பனங்காட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆலயம் மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டியது, 1847இல் பிரதிஷ்டை. அவருடைய கல்லறையும் அந்த ஊரில்தான்.

ஞாயிறு வேண்டாம். ஒருமுறை ஆராதனை நடுவே கேமராவோடு நுழைந்துவிட்டேன். முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வார நாளில் காலையிலேயே போங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரைக் கூப்பிட்டுவிடுவார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் படம் எடுக்காமல் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகுதான் கூர்முனை வளைவுகளின் அழகு பிடிபடும். அப்புறம் சுவரிடம் போங்கள். எந்தப் பழைய கோயிலிலும் நான் முதலில் தேடுவது சுண்ணாம்புப் பூச்சைத்தான். உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக, லேசாக வழவழப்பாக இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் உடனே தெரிந்துவிடும்: ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, செதில் செதிலாக உரியும். பார்க்கவே மனசு வலிக்கும். பழுது பார்க்கிறவர்கள் தயவுசெய்து சுண்ணாம்பே பூசுங்கள்.

நேரம் இருந்தால் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்கும் போய் வாருங்கள். அங்கே சாதி பிரித்து உட்காரவைக்க இரண்டு கூடங்கள் கட்டி, ஒரே பீடத்தில் சேர்த்திருந்தார்கள். நடுச்சுவர் பிறகு இடிக்கப்பட்டது. பீடத்தருகே நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்.